விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்துவிட்டது: அச்சகத்தின் மூன்று கணினிகளை என்ன செய்வது?

சாத்தூர் அச்சகம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் தொடங்கிய சிறிய அச்சகத்தை இப்போது நான் நடத்திவருகிறேன். திருமண அழைப்பிதழ், கோயில் கொடை நோட்டீஸ், கூட்டுறவுச் சங்க ஆண்டறிக்கை, எப்போதாவது ஒரு தலபுராணம் அல்லது கவிதைத் தொகுப்பு என்ற அளவில்தான் எங்கள் வேலை. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதைச் சொல்லி, எங்களுக்குக் கணினி விற்கும் கடைக்காரர் மூன்று கணினிகளையும் ஒரே சமயத்தில் மாற்றிவிடும்படி வற்புறுத்துகிறார். அவர் சொல்வதில் எவ்வளவு தேவை, எவ்வளவு விற்பனை என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

முன்மேசைக் கணினி 2017இல் வாங்கியது. ஏழாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி நினைவகம், விண்டோஸ் 10. ஜிஎஸ்டி கணக்கு, வங்கிப் பரிமாற்றம், மின்னஞ்சல், வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர் அனுப்பும் படங்கள் எல்லாம் இதில்தான். வடிவமைப்புக் கணினி 2019இல் வாங்கியது. ஒன்பதாம் தலைமுறை ஐ5, இதிலும் விண்டோஸ் 10தான். இன்டிசைன், ஃபோட்டோஷாப், கோரல்டிரா ஆகியவை இதில் உள்ளன. விண்டோஸ் 11க்குத் தகுதி உள்ளதா என்று சோதித்தால் இதுவும் தகுதியற்றது என்றே காட்டுகிறது.

மூன்றாவது கணினிதான் என் கவலைக்கெல்லாம் காரணம். 2009இல் வாங்கிய கோர் 2 டுயோ. அதில் 32 பிட் விண்டோஸ் 7, பக்கங்களை அமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கர் 7, பின்புறத்து பழைய பிரிண்டர் துளையில் பூட்டுக்கட்டை செருகினால் மட்டுமே இயங்கும் ஒரு தமிழ் எழுத்துருத் தொகுப்பு ஆகியவை இருக்கின்றன. 2001 முதல் நாங்கள் அச்சிட்ட ஏறக்குறைய எல்லா வேலைகளும் அதன் ஹார்டு டிஸ்கில் உள்ளன. எங்கள் கம்பாசிட்டர் பழைய தட்டச்சு முறையில் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பவர். அந்தக் கணினியை விட்டு எழுந்துவர அவருக்கு மனமில்லை. மூன்றும் ஒரே வலையமைப்பில் பொதுக் கோப்புறை ஒன்றின் வழியாக இணைந்துள்ளன. நான் எதை மேம்படுத்த வேண்டும், எதை அப்படியே விட்டுவிடலாம்?

நெல்லை வன்பொருள் எழுதியது:

அண்ணாச்சி, வணக்கம். இருபது ஆண்டுகளாகக் கணினி பழுதுபார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆதரவு முடிந்தது என்றால் கணினி நின்றுவிடும் என்று பொருளில்லை. இனிமேல் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளுக்கு இலவசமாக அடைப்பு வராது என்பதே பொருள். நேற்று வரை ஓடியது நாளையும் ஓடும். ஆனால் கதவின் தாழ்ப்பாள் ஒவ்வொரு மாதமும் சிறிது சிறிதாகத் தளரும்.

முன்மேசைக் கணினிக்கு விண்டோஸ் 11 கிடைக்காது. இன்டெல் செயலிகளில் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தையவையும்தான் அதன் பட்டியலில் உள்ளன. சோதனையை ஏமாற்றி நிறுவும் வழிகளைக் காணொளிகளில் காட்டுகிறார்கள். அப்படி நிறுவிய கணினிக்குப் புதுப்பிப்புகள் வந்துகொண்டே இருக்கும் என்ற உறுதியை மைக்ரோசாஃப்ட் தரவில்லை என்பதால், வங்கி வேலை நடக்கும் மேசையில் அதைச் செய்யவே கூடாது என்பது என் கருத்து.

இரண்டாவது கணினி விஷயத்தில் உங்களுக்குச் சரியான தகவல் கிடைக்கவில்லை. ஒன்பதாம் தலைமுறை ஐ5 தகுதியுள்ள செயலிதான். பெரும்பாலும் இரண்டு காரணங்களால் தகுதியற்றது என்று வரும். முதலாவது, டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே கணினியை எழுப்பும் அடிப்படை அமைப்பில், அணைக்கப்பட்டிருக்கும். இன்டெல் பலகைகளில் பிடிடி என்ற பெயரில் அது இருக்கும், இயக்கினால் போதும். இரண்டாவது, கணினியைக் கட்டியவர் பழைய பழக்கத்தில் எம்பிஆர் முறையில் டிஸ்கைப் பிரித்து விண்டோஸை நிறுவியிருப்பார். கணினியின் அமைப்புத் தகவல் பக்கத்தில் பயாஸ் முறை என்ற வரியில் லெகசி என்று இருந்தால் இதுதான் காரணம். கோப்புகளை அழிக்காமலே டிஸ்கை ஜிபிடி என்ற புதிய பிரிப்பு முறைக்கு மாற்றும் கருவி விண்டோஸ் 10இலேயே உள்ளது. ஆயினும் அதைத் தொடும் முன் முழு டிஸ்கையும் வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பின் பயாஸிலும் லெகசியை விட்டு யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறைக்கு மாற்றினால்தான் கணினி எழும்பும். என் மேசைக்கு வரும் கணினிகளில் பாதிக்கு இந்த இரண்டே வேலைதான் தேவைப்படுகிறது. அதற்குள் புதிய கணினி வாங்கிவிட்டவர்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

மூன்றாவது கணினியில் மேம்படுத்த ஒன்றுமில்லை. 2024இல் வந்த 24எச்2 பதிப்பு முதல், குறிப்பிட்ட சில கட்டளைகளை அறியாத செயலிகளில் விண்டோஸ் 11 தொடங்குவதே இல்லை. கோர் 2 டுயோ அந்த வகையைச் சேர்ந்தது.

தொட்டனைத்தூறும் எழுதியது:

ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். கணினி வல்லுநன் அல்லன். ஆனால் மேம்படுத்தியதால் இழந்தவன் என்ற வகையில் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். ஓலைச்சுவடிகளையும் பழைய நூல்களையும் வருடுவதற்காக ஒரு நல்ல ஸ்கேனர் வைத்திருந்தேன். புதிய இயங்குதளத்துக்கு மாறிய மறுநாள், அந்த ஸ்கேனருக்குரிய இயக்கி மென்பொருளை இனி வெளியிடப் போவதில்லை என்று அதன் தயாரிப்பாளர் கூறிவிட்டார். ஒரு குறையும் இல்லாத கருவி பரணுக்குப் போயிற்று. பாதி வருடிய நூல் இன்றும் பாதியாகவே நிற்கிறது.

இது என் தனிப்பட்ட துரதிருஷ்டம் மட்டுமன்று. 2018 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 10 மேம்படுத்தலில், சில பயனர்களின் ஆவணக் கோப்புறையில் இருந்த கோப்புகளே அழிந்தன. அக்டோபர் 6 அன்று மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவைத்துத் திருத்தி, நவம்பர் 13 அன்றுதான் மீண்டும் வெளியிட்டது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் ஒரு புதுப்பிப்பால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றதையும், விமான நிலையங்களில் மக்கள் தவித்ததையும் எல்லோரும் பார்த்தோம். அப்படியிருக்க, இருபத்து நான்கு ஆண்டு உழைப்பைத் தாங்கி நிற்கும் ஒரு கணினியை ஏன் தொட வேண்டும்? ஓடுகிற வண்டியை நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பதைப் போன்றதல்லவா இது?

செங்காந்தள் எழுதியது:

ஐயா, உங்கள் ஸ்கேனரின் இழப்பு உண்மையானது. அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் நீங்கள் சொன்னவற்றில் மூன்று வெவ்வேறு செயல்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன. மாதந்தோறும் வரும் பாதுகாப்பு அடைப்பு ஒன்று. ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பு மாற்றம் இன்னொன்று. இயங்குதளத்தையே மாற்றுவது மற்றொன்று. 2018இல் நடந்தது பெரிய பதிப்பு மாற்றம். 2024இல் நடந்தது விண்டோஸ் மேம்படுத்தலே அன்று, பாதுகாப்பு மென்பொருள் ஒன்றின் தரவுக் கோப்பில் நேர்ந்த பிழை. ஒவ்வொன்றின் ஆபத்தும் வேறு, அவசரமும் வேறு. பெரிய பதிப்பு மாற்றத்தைச் சில மாதங்கள் தள்ளிப்போடுவது அறிவுடைமை. பாதுகாப்பு அடைப்பை அப்படித் தள்ளிப்போட முடியாது.

கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வானாக்ரை என்ற நச்சுநிரலை நினைவுகூருங்கள். அது பயன்படுத்திய ஓட்டைக்கான அடைப்பை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே வெளியிட்டுவிட்டது. தாக்குதல் தொடங்கியது மே 12 அன்று. இடையில் இருந்தவை 59 நாட்கள். பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் பல அன்று நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. எல்லோரும் அதை விண்டோஸ் எக்ஸ்பியின் கதையாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் பாதிக்கப்பட்ட கணினிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் அன்று ஆதரவில் இருந்த விண்டோஸ் 7தான் ஓடியது. ஆதரவு இருந்தும் அடைப்பை நிறுவாதவர்களே அகப்பட்டார்கள். அந்த நச்சுநிரல் யாரும் எதையும் சொடுக்காமலே வலையமைப்பின் வழியாக ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தாவியது என்பதைச் சாத்தூர் நண்பர் கவனிக்க வேண்டும். உங்கள் விண்டோஸ் 7 கணினியில் யாரும் மின்னஞ்சல் பார்க்காமல் இருக்கலாம். ஆனால் பொதுக் கோப்புறையில் அது இணைந்திருக்கும் வரை, முன்மேசையில் வாட்ஸ்அப் வழியாக வரும் ஒரு கோப்புக்கும் உங்கள் இருபத்து நான்கு ஆண்டு உழைப்புக்கும் இடையே ஒரு கம்பிதான் இருக்கிறது.

ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகங்களைப் பராமரிப்பது என் பணி. பெரிய மேம்படுத்தல் எதையும் முதலில் நான்கே கணினிகளில் நிறுவி, மாணவர்கள் இரண்டு வாரங்கள் பயன்படுத்திய பிறகுதான் மற்றவற்றுக்குக் கொண்டுசெல்வோம். அப்படிச் செய்ததால்தான், விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்புக்கு மாறியதும் கடவுச்சொல் இல்லாத பொதுக் கோப்புறைகள் திறக்காது என்பதை முன்கூட்டியே அறிந்தோம். எங்கள் பழைய ஜெராக்ஸ் இயந்திரம் வருடிய பக்கங்களை அத்தகைய கோப்புறையில்தான் சேமித்துவந்தது. அன்று அது நின்றுபோனது. உங்கள் அச்சகத்திலும் இதே நேரும். கோப்புறைக்குப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அமைத்துவிட்டு மாறுங்கள்.

இன்னொன்று. இயங்குதளத்தை மேம்படுத்திய பத்து நாட்களுக்குள் பழைய பதிப்புக்குத் திரும்பும் வழி விண்டோஸிலேயே உண்டு. அந்தப் பத்து நாட்களும் ஆண்டின் நெருக்கடி இல்லாத நாட்களாக இருக்கட்டும். முகூர்த்த மாதத்தில் தொடாதீர்கள்.

யாழ் எழுத்துரு எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து வணக்கம். மேலே எழுதிய மூவரும் கணினியைப் பற்றிப் பேசினார்கள். நான் கோப்புகளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது; ஏனெனில் சாத்தூர் நண்பரின் மூன்றாவது கணினியில் உண்மையில் காலாவதியாகிக்கொண்டிருப்பது இயங்குதளமன்று, அதிலுள்ள தமிழ்.

எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான குறியாக்கமான ஒருங்குறி (யூனிகோடு) பரவுவதற்கு முன் நாம் பயன்படுத்திய எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்துவைத்தவை. இங்கே நாங்கள் பெரும்பாலும் பாமினியில் எழுதினோம். பாமினியில் "அம்மா" என்று தட்டினால் கோப்பில் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளே. அந்த எழுத்துரு இல்லாத கணினிக்கு அது அம்மா அன்று, பொருளற்ற ஆங்கிலக் கோவை. தமிழ்நாட்டில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு குறியாக்கத்தை வைத்திருந்தது. 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற பொதுக் குறியாக்கங்கள் வந்தன. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ் 16 என்பதையும் ஏற்றது. ஆனால் அச்சகங்களில் பேஜ்மேக்கர் ஒருங்குறியை அறியாத காரணத்தால் பழைய குறியாக்கமே தொடர்ந்தது. உங்கள் பூட்டுக்கட்டை என்றைக்குப் பழுதாகிறதோ அன்றைக்கு 2001 முதல் நீங்கள் அச்சிட்ட அத்தனை தலபுராணங்களும் படிக்க முடியாதவை ஆகிவிடும். ஆகவே, எந்தக் கணினியை மேம்படுத்துவது என்று கேட்பதற்கு முன், இந்தக் கோப்பு வேறொரு கணினியில் திறக்குமா என்று கேளுங்கள். திறக்கும் என்றால் எப்போது வேண்டுமானாலும் மேம்படுத்தலாம். திறக்காது என்றால் மேம்படுத்துவதும் ஆபத்து, மேம்படுத்தாமல் இருப்பதும் ஆபத்து.

பேஜ்மேக்கரின் ஏழாம் பதிப்பு 2001இல் வந்தது. 2004இல் அதை வெளியிட்ட அடோபி நிறுவனம் அதன் வளர்ச்சியை நிறுத்திவிட்டது. இன்டிசைனின் சிஎஸ்6 வரையிலான பதிப்புகள் பேஜ்மேக்கர் கோப்புகளை நேரே திறந்தன. அதற்குப் பின் வந்த சந்தாப் பதிப்புகள் திறப்பதில்லை. லிப்ரே ஆஃபிஸின் டிரா மென்பொருள் 2015இல் வந்த 4.4 பதிப்பு முதல் பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கிறது. பக்க அமைப்பு அப்படியே வராது. எழுத்துகளை மீட்பதற்கு அது போதும்.

எழுத்துருவின் வகையையும் பாருங்கள். பழைய ட்ரூடைப் எழுத்துருக்கள் விண்டோஸ் 11இலும் இயங்கும். டைப் 1 வகையாக இருந்தால், 2023 ஜனவரியில் அடோபி அவற்றுக்கான ஆதரவை நிறுத்திவிட்டதால், உங்கள் இன்டிசைனை மேம்படுத்திய அன்றே அவை எழுத்துருப் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். இயங்குதளத்தை மாற்றாமலே, வடிவமைப்பு மென்பொருளை மட்டும் மேம்படுத்தியதால் வேலை நின்றவர்களை நான் அறிவேன். லதா எழுத்துருவில் அமைத்த ஒருங்குறிக் கோப்புகள் இருந்தால் அவற்றையும் கவனியுங்கள். விண்டோஸ் 10 முதல் லதா தானாக வருவதில்லை, தமிழுக்கான கூடுதல் எழுத்துருத் தொகுப்பை நீங்களே கேட்டு நிறுவ வேண்டும். இல்லையென்றால் நிர்மலா எழுத்துரு அந்த இடத்தைப் பிடிக்கும். வரிகள் ஓடிப் பக்கங்கள் கூடிவிடும்.

ஒருங்குறிக்கு மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவிகள் உள்ளன. ஆனால் மாற்றியதைப் படித்துப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். பழைய எழுத்துருக்களில் ஔகாரத்தின் வலப்பக்கக் குறிக்கும் ளகரத்துக்கும் ஒரே உருவத்தைத்தான் பயன்படுத்தினோம். கருவிக்கு வேறுபாடு தெரியாததால் "கௌரவம்" என்பது "கெளரவம்" என்றே மாறும். அச்சில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். கணினியில் தேடினால் மட்டும் அகப்படாது. காலுக்குப் பதில் ரகரத்தைத் தட்டிய பிழைகளும் அப்படியே. எங்கள் ஊர்ச் சிற்றிதழ் ஒன்றின் பழைய இதழ்களை மாற்றியபோது, "சௌந்தரி" என்ற கதாபாத்திரம் ஒரு முழுத் தொடர்கதையிலும் தேடலுக்குக் கிடைக்காமல் போனதைக் கண்டு, ஐந்து வாரங்கள் உட்கார்ந்து திருத்தினோம்.

சாத்தூர் அச்சகம் எழுதியது:

நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. நெல்லை அண்ணாச்சி சொன்னபடியே, வடிவமைப்புக் கணினியில் டிபிஎம் அணைந்திருந்தது. பயாஸ் முறை லெகசி என்றே இருந்தது. முழு நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

யாழ்ப்பாணத்து ஐயா எழுதியதைப் படித்தபின், 2003இல் அச்சிட்ட ஒரு கோயில் வரலாற்றை எடுத்து வடிவமைப்புக் கணினியில் லிப்ரே ஆஃபிஸில் திறந்து பார்த்தேன். திரை நிறைய ஆங்கிலக் குறிகள். என் தந்தையார் இரவெல்லாம் மெய்ப்புத் திருத்திய நூல் அது. அதைப் பார்த்த பிறகு, எனக்குக் கணினியைப் பற்றிய கவலை இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது.

இரண்டு கேள்விகள். பூட்டுக்கட்டையோடு சேர்த்து மூன்றாவது கணினியை மெய்நிகர் கணினியாக மாற்றிப் புதிய கணினிக்குள் வைத்துக்கொள்ள முடியுமா? முன்மேசைக் கணினியில் விண்டோஸுக்குப் பதில் இலவச இயங்குதளமான லினக்ஸ் நிறுவினால் செலவு மிச்சமாகுமா?

நெல்லை வன்பொருள் எழுதியது:

யூஎஸ்பி பூட்டாக இருந்திருந்தால் மெய்நிகர் கணினியில் பெரும்பாலும் ஓடியிருக்கும். உங்களுடையது பழைய பிரிண்டர் துளையில் செருகுவது; புதிய கணினிகளில் அந்தத் துளையே கிடையாது. ஆகவே அந்தக் கணினியை உயிரோடு வைத்திருப்பதே வழி. 2009இன் ஹார்டு டிஸ்க் இன்றுவரை சுழல்வது நற்பேறு. அதை அப்படியே ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டிக்கு நகலெடுத்து மாட்டுங்கள், பழைய டிஸ்கைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள், பலகையில் உள்ள நாணய வடிவ பேட்டரியை மாற்றுங்கள். பிறகு வலையமைப்புக் கம்பியை உருவிவிடுங்கள். கோப்புகள் பென்டிரைவ் வழியாக வெளியே போகட்டும்; உள்ளே போகும் பென்டிரைவை முதலில் வடிவமைப்புக் கணினியில் சோதித்துவிட்டுச் செருகுங்கள்.

கட்டற்றவன் எழுதியது:

பதினைந்து ஆண்டுகளாக லினக்ஸ் மட்டுமே பயன்படுத்துகிறேன். அதனாலேயே நேர்மையாகச் சொல்ல வேண்டும்: உங்கள் முன்மேசைக்கு உடனே அதைப் பரிந்துரைக்க மாட்டேன். எண்ணிமக் கையொப்பத்துக்கான யூஎஸ்பி டோக்கன், கணக்கு மென்பொருள், பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் ஆகிய மூன்றும் சரியாக ஓடுகின்றனவா என்று பென்டிரைவிலிருந்தே லினக்ஸை இயக்கி ஒரு நாள் முழுவதும் சோதித்துப் பாருங்கள். மூன்றில் ஒன்று மக்கர் செய்தாலும் கடை வேலை நின்றுவிடும். 2011 முதல் தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட இலவச மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. அதைத் திறந்துகூடப் பார்க்காமல் விட்டவர்களே அதிகம் என்பது எனக்குத் தீராத வருத்தம். கற்றுக்கொடுக்க ஆளில்லாமல் இயங்குதளத்தை மட்டும் கொடுப்பதால் பயனில்லை.

ஆனால் அந்த 2017ஆம் ஆண்டுக் கணினி எந்த வகையிலும் குப்பை அன்று. கோப்புகளை மாற்றுவதற்கும் சேமிப்பதற்கும் என்று தனியாக வைத்து லினக்ஸ் மிண்ட் 22 நிறுவினால், 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் செலவில்லாமல் கிடைக்கும். லிப்ரே ஆஃபிஸ் உடனேயே வரும்.

தொட்டனைத்தூறும் எழுதியது:

செங்காந்தள் பிரித்துக் காட்டியது எனக்குத் தெளிவைத் தந்தது. அடைப்பையும் மாற்றத்தையும் நான் ஒன்றாகவே எண்ணியிருந்தேன். ஆயினும் பணம் பற்றிய ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. விண்டோஸ் 10க்குக் கூடுதலாக ஓராண்டு பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவதாகச் சொல்கிறார்களே, அதை வைத்து முன்மேசைக் கணினியைக் காலம் தள்ள முடியாதா? சிறு தொழில் செய்பவரிடம் ஓராண்டு அவகாசம் என்பது சிறியதன்று.

செங்காந்தள் எழுதியது:

முடியும், ஐயா, ஆனால் எந்தத் திட்டம் என்பதைக் கவனிக்க வேண்டும். தனிநபர்களுக்கான திட்டம் 2026 அக்டோபர் 13 வரை. அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு ஒத்திசைத்தால் கட்டணமில்லை. இல்லையென்றால் 30 டாலர். இது வீட்டுக் கணினிக்கு உரியது. தொழில் நிறுவனங்களுக்கான திட்டம் தனி: ஒரு கணினிக்கு முதலாண்டு 61 டாலர், அடுத்த ஆண்டு அதன் இரு மடங்கு, மூன்றாம் ஆண்டு மீண்டும் இரு மடங்கு. மூன்றாண்டுக்கும் கூட்டினால் 427 டாலர். அதோடு, இரண்டாம் ஆண்டில் சேருபவரும் முதலாண்டுக் கட்டணத்தைச் செலுத்தியாக வேண்டும். அந்தத் தொகைக்கு ஒரு நல்ல கணினியே வந்துவிடும். புதிய கணினி வாங்கும் வரை ஓராண்டுக்கு இடைக்கால ஏற்பாடாகக் கொள்வதில் தவறில்லை. அதற்கு மேல் நீட்டுவது நட்டம்.

புதிய கணினி வாங்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். இப்போதைய விண்டோஸ் 11, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கினால் பல கணினிகளில் டிஸ்கைத் தானாகவே பூட்டுக்குறியீடு செய்துவிடுகிறது. அதற்கான மீட்புத் திறவுகோலைத் தாளில் அச்சிட்டு, கணக்குப் புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். பயாஸில் எதையாவது மாற்றிய மறுநாள் கணினி அந்த 48 இலக்க எண்ணைக் கேட்டு நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சாத்தூர் அச்சகம் எழுதியது:

ஏழு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். மூன்று கணினிகளுக்குப் பதில் ஒரே ஒரு கணினி வாங்கினோம். அது முன்மேசையில் இருக்கிறது. வடிவமைப்புக் கணினியை நெல்லை அண்ணாச்சி சொன்ன வழியில் ஜிபிடிக்கு மாற்றி விண்டோஸ் 11 நிறுவினேன். பொதுக் கோப்புறைக்குக் கடவுச்சொல் முன்கூட்டியே அமைத்ததால் வேலை ஒரு நாளும் நிற்கவில்லை. இன்டிசைனில் ஒருங்குறித் தமிழ் முதலில் கொம்பும் காலும் சிதறித்தான் வந்தது. பத்தி அமைப்பில் உலக மொழிகளுக்கான கம்போசரைத் தேர்ந்தெடுத்த பிறகு சரியாயிற்று. பழைய தட்டச்சு முறையை என்எச்எம் ரைட்டரில் அமைத்துக் கொடுத்தபோது, எங்கள் கம்பாசிட்டர் அரை மணி நேரம் ஒன்றும் பேசாமல் தட்டினார். பிறகு "விரல் அதே இடத்துக்குத்தான் போகுது" என்றார்.

பழைய முன்மேசைக் கணினியில் லினக்ஸ் மிண்ட் நிறுவி, கோப்பு மாற்றும் வேலைக்கு ஒதுக்கியிருக்கிறோம். மூன்றாவது கணினி எஸ்எஸ்டியோடு, கம்பி உருவப்பட்டு, அதே மூலையில் இருக்கிறது. நாளுக்கு இருபது கோப்பு என்ற கணக்கில் அதிலிருந்து வெளியே எடுக்கிறோம். நூல்களை முதலில் முடித்துவிட்டு இப்போது அழைப்பிதழ்களுக்கு வந்திருக்கிறோம்.

அங்கேதான் ஒரு சிக்கல். அழைப்பிதழ்களில் ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றுக்குப் போடும் ௵, ௴, ௳ குறிகள் மாற்றியில் விழுந்துவிடுகின்றன. சில கோப்புகளில் வெற்றிடம், சிலவற்றில் சம்பந்தமில்லாத ஒரு குறி. 2001 முதல் 2006 வரையிலான கோப்புகளில் ஒரு விதமாகவும், அதற்குப் பிந்தையவற்றில் வேறு விதமாகவும் வருகிறது. யாழ்ப்பாணத்து ஐயா வழி சொல்ல வேண்டும்.

யாழ் எழுத்துரு எழுதியது:

அந்தக் குறிகளுக்கு ஒருங்குறியில் 2003இல்தான் இடம் கிடைத்தது. அதற்கு முன்பே எழுத்துரு செய்தவர்கள் தத்தமக்குத் தோன்றிய இடத்தில் அவற்றை வைத்துவிட்டார்கள். எனவே பொதுவான மாற்றி எதற்கும் அவை தெரியாது. உங்கள் தொகுப்பு 2006இல் புதிய பதிப்புக்கு மாறியிருக்க வேண்டும். அதனால்தான் இரண்டு விதம். மூன்றாவது கணினியில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, எழுத்துருவின் எல்லாக் குறிகளையும் வரிசையாகத் தட்டி, ஒவ்வொன்றுக்கும் கீழே அதன் எண்ணைக் குறித்து ஒரு தாளில் அச்சிடுங்கள். இரண்டு பதிப்புக்கும் இரண்டு தாள்கள். அவற்றைப் படமெடுத்து இங்கே போடுங்கள். மாற்றுவதற்கான அட்டவணையை நான் எழுதித் தருகிறேன். அதுவரை அழைப்பிதழ்களை நிறுத்திவைத்து, ஆண்டறிக்கைகளை முடியுங்கள்.